மூணு மாசக் கணக்கு

எங்கள் வீட்டில் உதிர்ந்த முடிக்கென்று ஓர் இடம் இருந்தது. கூரையின் எரவாணம். தலை வாரி முடித்ததும் சீப்பில் சிக்கியதை உருவி, விரலில் சுற்றி, சின்ன உருண்டையாக்கி, கை எட்டும் உயரத்தில் ஓலைச் சந்தில் செருகி வைப்பாள் ஆயா. அம்மாவும் சின்னம்மாவும் அப்படியே. நரைத்த உருண்டை ஆயாவுடையது, கன்னங்கரேலென்று இருப்பது அம்மாவுடையது, செம்பட்டை சின்னம்மாவுடையது. முடியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சோற்றில் விழும், கைக்குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுக்கிவிடும், ஆகாதவர்கள் எடுத்துப்போய் எதையாவது செய்துவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். இன்னொரு காரணம், அது காசு. சிக்கு முடி வாங்குகிறவர் தெருமுனையில் குரல் கொடுத்தால் மூன்று பேரின் உருண்டைகளும் எரவாணத்திலிருந்து இறங்கிவிடும். கொண்டை ஊசி, ரிப்பன் கிடைக்கும். பல மாதம் சேர்த்தது என்றால் ஓர் அலுமினியக் கிண்ணம்.

இதனால் ஒரு காரியம் நடந்தது. வீட்டில் யாருக்கு எப்போது முடி அதிகம் கொட்டுகிறது என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. கறுப்பு உருண்டைகள் திடீரென்று பெருத்தால் ஆயா அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். முகத்தில் ரத்தம் இருக்கிறதா, கண் கீழ்இமை வெளுத்திருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்ப்பாள். இன்று எங்கள் வீடு மாடி வைத்த கான்கிரீட் வீடு. ஆளுக்கொரு சீப்பு, அறைக்கொரு குளியலறை. கொட்டியது சாக்கடை வாய்க்குப் போய்விடுகிறது. கொட்டுகிறவள் தனியாக நின்று அதைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறவர்கள் இங்கிருந்துதான் வெள்ளிமலைக்கு ஏறுவார்கள். பக்கத்திலேயே கோமுகி அணை. வயலில் கரும்பு, நெல், மரவள்ளி. நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தேனும் கடுக்காயும் புளியும் சீயக்காயும் கொண்டுவருவார்கள். அந்தச் சீயக்காய், இல்லாவிட்டால் உசிலை இலையைக் காயவைத்து இடித்த அரப்பு. இரண்டில் ஒன்றுதான் எங்கள் தலைக்கு.

என் தம்பி பிறந்தது ஒரு சித்திரையில். ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சமில்லை. தலையில் கை வைத்தால் கையோடு வந்தது. பாய், தலையணை, தம்பியின் தூளிச் சேலை எங்கும் முடி. நெற்றியின் இரு ஓரமும் தோல் தெரிந்தது. அம்மா அழுதுவிட்டாள். ஆயா மட்டும் அசையவில்லை. மடியில் கிடந்த தம்பி அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"புள்ள மொகம் பாக்க ஆரம்பிச்சிருச்சில்ல, இனிமே கொட்டத்தான் செய்யும். அது புடிச்சிக்கிட்டு நிக்கிறதுக்குள்ள நின்னுரும். நீ நேரத்துக்குச் சோறு தின்னு, அது போதும்."

அவ்வளவுதான் வைத்தியம். தம்பி சுவரைப் பிடித்து எழுந்து நின்றபோது அம்மாவின் நெற்றியோரத்தில் பூனைமுடியாகப் புது முடி கிளம்பியிருந்தது. எண்ணெய் வைத்து வாரினாலும் படியாமல் குத்திட்டு நிற்கும்.

என் மகளுக்குச் சென்னையில் வேலை. போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. எங்களோடு இருந்துவிட்டு அவள் திரும்பிப் போன கொஞ்ச நாளில், நடுராத்திரியில் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. குளியலறைத் தரையில் நீர் போகும் துளையை மூடிக்கொண்டு ஒரு முடிக்கற்றை. கீழே ஒரே வரி: "ம்மா, எனக்கு வழுக்கை விழுந்துடுமா?"

அதற்குள் அவள் செய்யாதது இல்லை. வெங்காய எண்ணெய், சீரம், கம்மி மிட்டாய் போல விற்கிற பயோட்டின். லாரித் தண்ணீர்தான் காரணம் என்று ஷவரில் மாட்ட ஒரு வடிகட்டி. முடிக்கென்றே நடக்கிற ஒரு மருத்துவ நிலையத்தில், கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சுழற்றி அதைத் தலையில் ஊசியாகப் போடுவதற்கு மாதத் தவணையில் ஒரு திட்டம் சொல்லியிருந்தார்கள். பிள்ளை எப்போது பிறந்தது என்று அங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கேட்டிருந்தால் அந்த ஒரு கேள்வியிலேயே பாதி பயம் தீர்ந்திருக்கும்.

ஏனென்றால் ஆயா சொன்னது ஆறுதல் வார்த்தை மட்டும் இல்லை. அது ஒரு நாள்காட்டி. மனிதத் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி ஆயுள். 2 முதல் 6 வருஷம் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தும். அப்புறம் சுமார் 3 மாதம் வேரில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்திலும் நூற்றுக்கு 85, 90 முடி வளர்ந்துகொண்டும் மீதி ஓய்விலும் இருக்கும். எங்கள் மலையடிவாரத்துத் தேக்கு மாசி, பங்குனியில் காடு முழுக்க ஒரே சமயத்தில் இலை உதிர்க்கும். மனிதத் தலை அப்படி இல்லை, ஒவ்வொரு முடியும் தன் முறை வரும்போது போகும். அதனால்தான் தினம் 50 முதல் 100 வரை கொட்டினாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்துவிட்டால் தலையும் காடாகிவிடும். வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகும். அன்றைக்கு எதுவும் கொட்டாது. 3 மாதம் கழித்துக் கூட்டமாகக் கொட்டும்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-ல் இதை விளக்கி 'டெலோஜன் எஃப்ளுவியம்' என்று பெயரிட்டார். சிறைக்கைதிகள் மேல் மருந்துகளைச் சோதித்தவர் என்ற கறை அவர் பெயரில் உண்டு, அதை மறைத்துவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு அவருடையது, சரியானது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் முடி உதிராமல் வளர்ச்சியிலேயே தங்கிவிடும். ஏழாம் மாதம் வளையல் போடும்போது பெண்களின் ஜடை அத்தனை கனமாக இருப்பது அதனால்தான். பிரசவத்தோடு அந்தச் சுரப்பு சரிகிறது, தங்கியிருந்தவை ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. 3 மாதம் கழித்து உதிர்வு. குழந்தை ஆளைப் பார்த்து முகம் மலர்ந்து சிரிப்பதும் அந்த மாதக்கணக்கில்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், நாள் எண்ணாமல், குழந்தையின் சிரிப்பை வைத்தே அந்த 3 மாதத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

மகளை மிரட்டிய இன்னொன்று, முடியின் நுனியிலிருந்த வெள்ளைப் புள்ளி. "வேரோட வருதும்மா" என்றாள். ஊரில் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. வேரோடு போனால் திரும்ப முளைக்காது என்று நாற்றங்காலைப் பார்த்துப் பழகியவர்கள் நினைப்பது இயல்புதான். உண்மை நேர்மாறு. ஓய்வை முடித்துக்கொண்டு உதிர்கிற முடியின் அடியில் அந்தக் குமிழ் இருக்கத்தான் செய்யும். முளைக்கிற குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பழைய முடியைப் பல சமயம் கீழிருந்து புது முடிதான் தள்ளிவிடுகிறது. வெள்ளைப் புள்ளி இல்லாமல் நடுவில் முறிந்து வருகிறதென்றால் அது வேறு கதை. சாயம், சூட்டுக்கருவி, இழுத்துக் கட்டும் பழக்கம், இவற்றில் ஒன்று முடியை முறிக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'தண்ணி மாறினா முடி கொட்டும்' என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கோவையைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், கடினநீரில் நனைத்த முடியையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த முடியையும் இழுத்துப் பார்த்தார்கள். வலுவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், சோப்பை நுரைக்க விடாமல் செய்யலாம். பிள்ளை பெற்றவளின் முடி 3 மாதம் கழித்துக் கொட்டுவதற்கும் லாரித் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை.

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதான் தலைமுழுக்கு. ஒரு வாரம் பின்னலில் தங்கியிருந்ததெல்லாம் அன்று மொத்தமாக வரும். தினம் 50 முதல் 100 என்றால் வாரத்துக்கு 350 முதல் 700. ஒவ்வொன்றும் மூன்று அடி நீளம். கிணற்றடியில் அது கிடக்கும் கிடையைப் பார்த்து யாரும் திகைக்கவில்லை, வெள்ளிக்கிழமை அப்படித்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்பது பத்து வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்கியதும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி மொட்டை அடித்துவிட்டார்கள். அம்மை போட்டாலும், நெடுங்காய்ச்சல் வந்தாலும் எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். பின்னாளில் யோசித்தபோதுதான் அதன் பலன் பிடிபட்டது. காய்ச்சலால் வருகிற உதிர்வு காய்ச்சல் விட்டு 2, 3 மாதம் கழித்து வரும். அந்தச் சமயம் என் தலையில் இருந்தது கட்டைவிரல் அகல முடி. அது எத்தனை கொட்டினாலும் யார் கண்ணுக்குத் தெரியும்? கொட்டியதும் வளர்ந்ததும் ஒன்றாக நடந்து முடிந்தது. 'மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்' என்ற நம்பிக்கை கொஞ்சம் இதிலிருந்தும் வந்திருக்கும். கத்திக்குத் தெரிவது தோலுக்கு மேலே இருக்கிற முடி, உள்ளே இருக்கிற குழியை அது ஒன்றும் செய்யாது. என்றாலும் ஒரு சிறுமியை அந்தப் பயத்திலிருந்து அது காப்பாற்றியது. பள்ளியில் கூப்பிட்ட பட்டப்பெயர் தனி வலி. அதற்கு அம்மன் பொறுப்பில்லை.

இந்தக் கணக்கை ஊரே ஒரு தடவை பார்த்தது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை தமிழ்நாட்டை உலுக்கியது. எங்கள் தெருவில் படுக்காத வீடு குறைவு. சிலர் திரும்பவே இல்லை. ஆகஸ்ட் வந்தபோது பிழைத்தவர்களுக்கெல்லாம் முடி கொட்ட ஆரம்பித்தது. ஆண், பெண், கல்லூரிப் பையன் என்று வித்தியாசமில்லை. தடுப்பூசிதான் என்றார்கள் சிலர். கபசுரக் குடிநீரின் சூடு என்றார்கள் சிலர். மே மாதத்துக் காய்ச்சலை யாரும் நினைக்கவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்று மனசு ஒதுக்கி வைத்திருந்தது. உடம்பு ஒதுக்கவில்லை. ஆவணியில் சிக்கு முடி வாங்குகிறவர், இப்போது மோட்டார் சைக்கிளும் ஒலிபெருக்கியுமாக வருகிற அவருடைய அடுத்த தலைமுறை, பைகள் நிறைய வாங்கிப்போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு கொள்ளைநோய் கடந்துபோன தடம் அந்தப் பைகளில் இருந்தது.

அந்த முடி எங்கே போகிறது என்று என் சின்ன வயதில் எங்களுக்குத் தெரியாது. லண்டன் மானுடவியலாளர் எம்மா டார்லோ இதைத் தேடிப் போய் 2016-ல் ஒரு புத்தகமே எழுதினார். சீப்பில் வருகிற சிக்கு முடி மூட்டை மூட்டையாகச் சேர்க்கப்படுகிறது. கர்நாடகத்தின் கொப்பல் பகுதி, வங்காளத்தின் முர்ஷிதாபாத், மியான்மரின் பியாப்வே போன்ற இடங்களில் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுக்கிறார்கள். நீளவாரியாகப் பிரித்துக் கட்டியது சீனத் தொழிற்சாலைகளுக்குப் போய் விக்காகவும் சவுரியாகவும் உலகம் சுற்றுகிறது. பதப்படுத்தாத முடி குறைந்த விலைக்கு வெளியே போய் உள்நாட்டுத் தொழில் நசிகிறது என்று 2022 ஜனவரியில் இந்திய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கொண்டை ஊசிக்கு ஆயா கொடுத்த நரைமுடிக்கு இவ்வளவு பெரிய வணிகம். முடி கொட்டியவளுக்கு அன்று கிடைத்தது ஒரு கிண்ணம். இன்று முடி கொட்டுகிறவள் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறாள். அவள் தலையிலிருந்து விழுந்ததைத்தான் இன்னொருத்தி விலை கொடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

எல்லா உதிர்வும் மூணு மாசக் கணக்கில் அடங்கிவிடாது. அடங்காததை அடையாளம் காணவும் அந்தக் கணக்குதான் உதவுகிறது. 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டம், ஷேகாவ் வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். போண்ட்காவ், கல்வட், ஹிங்கணா என்று ஒவ்வொரு கிராமமாக மக்களுக்கு முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. மூன்று நான்கு நாளில் மொட்டை. 18 கிராமங்களில் 279 பேர் என்று கணக்கு வந்தது. தண்ணீர் என்றார்கள், ஷாம்பு என்றார்கள். ஷாம்பு வாங்கவே வழியில்லாதவர்களுக்கும் விழுந்தது. தேள்கடிக்கு மருந்து கண்டு உலகப் புகழ் பெற்ற மகாட் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அங்கே போய், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். ரேஷன் கடைக் கோதுமை. வெளிமாநிலத்திலிருந்து வந்த அந்தக் கோதுமையில் செலினியம் உள்ளூர்க் கோதுமையைவிடப் பலநூறு மடங்கு இருந்ததாகவும், பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்திலும் முடியிலும் அது ஏறியிருந்ததாகவும் அவரது ஆய்வு சொன்னது. சில மாதம் கழித்துச் சிலருக்கு நகமும் விழுந்தது. மூன்று நாளில் விழுகிறதென்றால் ஓய்வு முடி இல்லை, வளர்கிற முடியே தாக்கப்பட்டிருக்கிறது. நஞ்சையோ மருந்தையோ தேட வேண்டும். புற்றுநோய் மருந்தில் முடி போவதும் இந்த வகைதான்.

காசு அளவுக்கு வட்டமாக விழுந்தால் புழுவெட்டு. அதில் புழு கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடிக்குழியைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்ப்பார்கள். ஒன்றிரண்டு வட்டம் என்றால் பெரும்பாலும் தானாகவே ஒரு வருஷத்துக்குள் முளைத்துவிடும். உச்சி வகிடு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அகலமானால் அது மரபில் வருவது. அதற்குத்தான் மினாக்ஸிடில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தடவும் மருந்தாக்கினார்கள், அமெரிக்கா 1988-ல் அனுமதித்தது. தடவ ஆரம்பித்த முதல் வாரங்களில் அதுவே பழைய முடியைத் தள்ளிக் கொட்ட வைக்கும். இதைச் சொல்லாமல் விற்றால் வாங்கினவள் பாதியில் தூக்கி எறிந்துவிடுவாள்.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. "நேரத்துக்குச் சோறு தின்னு" என்று ஆயா சொன்னாளே, அந்தச் சோறு அம்மாவுக்கு எந்த நேரத்தில் கிடைத்தது? எல்லோரும் தின்று முடித்த நேரத்தில். பத்தியம் என்று கீரை கூடாது, பருப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். தம்பிக்குப் பிறகும் அம்மா பெற்றாள், இழந்தாள். ஒவ்வொரு தடவையும் முடி கொட்டி முளைத்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிந்து முளைத்தது. ஜடை கடைசியில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்து நின்றது. 'வயசாயிடுச்சு' என்றார்கள். அப்போது அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இமையை இழுத்து வெளுப்பைப் பார்க்க ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. வெளுத்த ரத்தத்தைச் சிவக்க வைக்க அந்த வீட்டில் யாருக்கும் வழியில்லை.

இன்று வழி இருக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இந்த எண் என்னை விடாமல் துரத்துகிறது. இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு இருப்பதை முதலில் ரத்தத்துக்கு ஒதுக்கும். முடிக்குக் கடைசியில்தான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வருகிற பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக் இருக்கிறது. வாய் கசக்கிறது என்று அலமாரியில் நிற்கும் பாட்டில்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். ரேஷன் அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த செறிவூட்டிய அரிசியைக் கலந்து கொடுத்தார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருந்ததால் பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்தார்கள். சாயங்காலம் அதே பெண்கள் கடையில் முடி எண்ணெய் வாங்கினார்கள். என்ன சொல்லி இதை மாற்றுவது என்று தினம் யோசிக்கிறேன்.

மகளை ஊருக்கு வரச்சொல்லி, கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நான் சிறுமியாக இருந்தபோது தோல் மருத்துவர் என்றால் சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கொழந்தைக்கு எத்தன மாசம்மா?" இரண்டாவது, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" பயோட்டின் என்றதும் அதை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்துத்தான் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே புரட்டிவிடும். தைராய்டு அதில் ஒன்று, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் இன்னொன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதை எச்சரித்திருக்கிறது. முடி கொட்டுவதற்குத் தைராய்டு ஒரு பெரிய காரணம். அது முடிக்காகத் தின்கிற மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும்! மகளுக்குத் தைராய்டு சரியாகத்தான் இருந்தது. இரும்பு குறைவு. மாத்திரை கொடுத்தார், டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள் என்றார். பேத்தி சுவரைப் பிடித்து நிற்கிற பருவத்தில், மகளின் நெற்றியோரத்தில் படியாத முடி கிளம்பிவிட்டது.

அதன் பிறகு யார் முடி கொட்டுகிறது என்று வந்தாலும் எண்ணெய் பேரைச் சொல்வதில்லை, மூணு மாசத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன். டெங்கு என்பார்கள். குடல்வால் ஆபரேஷன் என்பார்கள். பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன் என்று சொன்னாள் ஒருத்தி.

எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்தவள், மலைமேல் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள், போன மாதம் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் முடி. "அக்கா, என்னா வைக்கிறதுன்னே தெரியல" என்றாள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். காய்ச்சல் இல்லை என்றாள். ஆபரேஷன் இல்லை. அப்புறம் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலஞ்சிருச்சுக்கா. ரெண்டு மாசந்தான் இருக்கும். வயித்துல இருந்ததையே சொல்லல, போனத எப்பிடிச் சொல்றது? ரொம்ப நாளு பட்டுக்கிட்டே இருந்துச்சு. வேலைக்கிப் போயிட்டுத்தான் இருந்தேன்."

அவள் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவள் கண் கீழ்இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம்போல வெளுத்திருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றில் எதுவும் தங்கவில்லை. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற அன்றே ஏற்பாடு செய்தார்கள். முடியைப் பற்றி டாக்டரம்மா பேசியது ஒரே வார்த்தை, "வந்துரும்." மீதி நேரமெல்லாம் ரத்தத்தைப் பற்றியும், அடுத்த கர்ப்பத்துக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்பதைப் பற்றியும் அவளிடம் பேசினார். அடுத்த முறை வரும்போது கணவனையும் கூட்டி வரச் சொன்னார். போன வாரம் அவனும் போயிருக்கிறான்.